மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வீடு

நேற்று பக்கத்து வீட்டில் கரப்பான்பூச்சிக்கு மருந்தடித்தார்கள். அந்த வாடை வந்ததுமே என் கை தானாக ஜன்னலைச் சாத்தியது. அது முதலமடையில் சிறுமியாக இருந்தபோது வந்த பழக்கம்.

அங்கே நாலு பக்கமும் மாந்தோப்புகள், நடுவில் எங்கள் ஓட்டு வீடும் சின்ன ஆட்டுப்பட்டியும். இப்போது அந்த இடத்திலும் மாமரங்கள்தான் நிற்கின்றன. மாம்பூ பிடிக்கும் மாதங்களில் விடிந்ததும் மருந்தடிக்கும் மோட்டார் இரையும், பின்னாலேயே புகைபோல மருந்துச் சாரல் வேலி தாண்டி வரும். ஒரு வருடம், அதில் நனைந்த புல்லைத் தின்று, எங்கள் வெள்ளாட்டின் மூன்று குட்டிகளில் இரண்டு நுரை தள்ளிச் செத்தன. அம்மா அழவில்லை. தாயாட்டையும் மிஞ்சிய குட்டியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினாள்.

"வேற எங்கயாச்சும் போயிரலாங்க" என்றாள் அப்பாவிடம்.

"எங்க போறது? இந்தப் பூமிய உட்டா நமக்கு வேற என்ன இருக்குது?"

பிறகு, சாத்திய கதவுக்குள் நாங்களும் ஆடுகளும், மூத்திர வாடையும் புழுக்கமும், வெளியே ஓயாத மோட்டார் சத்தமுமாக அந்த மாதங்கள் போயின.

மழை தொடங்கி, மருந்தடிப்பு நின்ற பிறகு, ஒருநாள் அம்மா கதவை அகலத் திறந்தாள். தாயாடு துள்ளி ஓடியது. குட்டி வாசற்படிவரை வந்து, வெளிச்சத்தில் கண் கூசி நின்று, திரும்பிப்போய்க் கட்டிலடியில் படுத்துக்கொண்டது.

"போ சாமி, இனி ஒண்ணுமில்ல, போ" என்று அம்மா கெஞ்சினாள். அது அசையவில்லை.

குட்டிகள் செத்த அன்று வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.