போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

தோல் கிடங்கில் மாட்டு வண்டி ஓட்டியவன் நான். ஆம்பூரிலிருந்து வேலூருக்குக் காய்ந்த தோல் ஏற்றிப் போவேன். திரும்பும்போது தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வருவேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

அந்த வருஷம் ஆடி மாதம், மெட்ராஸிலிருந்து பெங்களூருக்கு ஏரோப்ளேன் பறக்கப் போவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, மறுநாள் திரும்பும். கிடங்கில் கணக்கு எழுதும் ரைட்டர் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தார்.

"போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி" என்று கணக்கும் போட்டார்.

"வர்றதுக்கு அவ்ளோ ஆவாது. போறதுக்குத்தான் ஜாஸ்தி ஆவும்" என்றேன்.

"இன்னாடா சொல்ற? போனா ஒரு தூரம், வந்தா ஒரு தூரமா?"

"தூரம் ஒண்ணுதான் ரைட்டரய்யா. நடுவுல காத்து கீதே!"

"மாட்டு வாலைப் பாத்துக்கினு போறவன் ஆகாசத்துக்குக் கணக்கு சொல்றான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. "தப்பாப் போச்சுன்னா வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துட்டு சுண்ணாம்புக் குழியில எறங்கு" என்றார். அந்தக் குழியில் நிற்பவன் காலில் தோல் தங்காது. முதலாளி ரைட்டர் பேச்சைத் தட்டமாட்டார். இருந்தும் "சரி" என்றேன்.

நான் ஜோசியம் சொல்லவில்லை. காய்ந்த தோல் பலகை மாதிரி விறைத்து நிற்கும். அதை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வேலூர் போகும்போது மேற்கேயிருந்து வரும் ஆடிக் காற்று பின்னாலிருந்து தள்ளும். மாடுகள் சும்மா நடக்கும். அதே உயரத்துக்குப் பட்டை மூட்டை ஏற்றித் திரும்பினால் காற்று மூஞ்சியில் அடிக்கும். மாடுகள் நுரை தள்ளும். அதே ரோடு, அதே மாடு, மூன்று மணி நேரம் கூடுதல். பெங்களூரும் மேற்கேதான் இருக்கிறது.

ஏரோப்ளேன் பறக்கும் அன்றைக்குக் காலையில் தோல் காயப்போடும் திடலில் எல்லாரும் அண்ணாந்து நின்றோம். ரைட்டர் கணக்குப்படி எட்டேகாலுக்கு அது ஆம்பூரைத் தாண்ட வேண்டும். கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். எட்டேகால் ஆனது. வானத்தில் பருந்துதான் இருந்தது. இருபது நிமிஷம் கழித்து ரயில் பாதைக்கு மேலே, மேட்டில் ஏறும் பாரவண்டி மாதிரி முக்கிக்கொண்டு வந்தது.

"கெளம்பவே லேட்டாயிருக்கும்" என்றார் ரைட்டர்.

மூன்றாம் நாள் பேப்பர் வந்தது. ரைட்டர் மனசுக்குள்ளேயே படித்துவிட்டு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோல் காயவைக்கும் என் மச்சான் விடவில்லை. "இன்னா ரைட்டரய்யா, இன்னிக்கு எழுத்து தெரியலியா?"

வேறு வழியில்லாமல் படித்தார். போனது இரண்டரை மணி நேரம். வந்தது ஒன்றே முக்கால்.

"காதுல வுழல. வந்ததை இன்னொரு தபா படிங்க" என்றேன்.

படித்தார். இந்தத் தடவை யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அன்றைக்கே வண்டி பூட்டினேன். தோலை ஒரு வரிசை உயர்த்தியே அடுக்கினேன். வேலூர் வரைக்கும் காற்று என் முதுகில்தான் அடித்தது.