தார் பூசிய ஜார்

நெஞ்சில் சிலுவைத் தழும்பு உள்ளவன்தான் உண்மையான ஜார், அதாவது ரஷ்ய ராஜா, என்பது எங்கள் வோல்கா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். ராஜா செத்துவிட்டார் என்று தலைநகரத்தில் அறிவித்தார்கள். யார் நம்பினார்கள்? ஏழைகளுக்கு நல்லது செய்யப் பார்த்ததால் பிரபுக்கள் அவரைத் துரத்திவிட்டார்கள், எங்கேயோ ஒளிந்து திரிகிறார் என்றுதான் ஊரே பேசிக்கொண்டது.

என் பக்கத்து வீட்டு யெவ்தோக்கிம் படகுகளுக்குத் தார் பூசுகிறவன். ஒரு சனிக்கிழமை நாங்களெல்லாம் நீராவிக் குளியலில் உட்கார்ந்திருந்தோம். மீன்பிடிக்கிற ஸாவா, யெவ்தோக்கிமின் நெஞ்சில் சிலுவை மாதிரி இருந்த தழும்பைப் பார்த்தான். சட்டென்று மண்டியிட்டான்.

"அப்பனே! ராஜாவே! வந்துட்டீங்களா!"

"அட எந்திரிடா! சூடான தார் தெறிச்ச தழும்புடா இது!"

"பாத்தீங்களா, எப்படி மறைக்கிறாருன்னு! ராஜான்னா இப்படித்தான் மறைப்பாரு!"

அவன் இல்லை இல்லை என்று கத்தக் கத்த, ஆமாம் ஆமாம் என்று ஊர் தலையாட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ராஜா என்று பேர் வாங்கியவனை நாக்கை அறுத்து சைபீரியாவுக்கு ஓட்டுவார்கள். பட்டாளம் இருக்கிற கோட்டைக்குச் செய்தி போனால் தீர்ந்தது. யெவ்தோக்கிமுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் மனைவி ஃபெத்தீனியாதான் வழி கண்டாள்.

"மறுத்து மறுத்தே சாகப்போறியா? ராஜாதான்னு ஒத்துக்கோ. அப்புறம் ராஜா மாதிரி நடந்துக்கோ."

மறுநாள் யெவ்தோக்கிம் தேவாலய வாசலில் பீப்பாய் மேல் ஏறி நின்றான்.

"நான்தான் ஜார்! முதல் கட்டளை: எல்லாரும் தாடிய மழிங்க. வரி இனிமே ரெண்டு மடங்கு. வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துக்கு வாங்க!"

ஸாவா தன் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எங்க ராஜா வரி போடுவாரா? கடவுள் குடுத்த தாடில கை வெப்பாரா? டேய், இவன் போலிடா!"

"ஜாராம் ஜாரு! இறங்குடா கீழ, தார்ச்சட்டி!"

அழுகின முட்டைக்கோஸ் பறந்தது. யெவ்தோக்கிம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரமே கோட்டையிலிருந்து அதிகாரி ஒருவர் குதிரையில் வந்துவிட்டார். "இங்க எவனோ ராஜான்னு சொல்லிக்கிட்டுத் திரியறானாமே?"

ஸாவா விழுந்து விழுந்து சிரித்தான்.

"ராஜாவா! குடிச்சிட்டு உளறுற பய ஒருத்தன் இருக்கான் ஐயா. அவன் பேச்ச இந்த ஊர்ல ஆடுகூடக் கேக்காது!"

ஊரே சேர்ந்து சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

யெவ்தோக்கிம் தாடியெல்லாம் நரைக்கும்வரை நிம்மதியாகத் தார் பூசினான். ஸாவா சாகும்வரை அவனை "டேய் போலி" என்றுதான் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் யெவ்தோக்கிம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பான்.