பெரட்டிப் போட்ட சிப்

பவுலினுக்குப் பயம் என்பது பசி மாதிரி, நேரத்துக்கு வந்துவிடும். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டால் பயம். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹட்டனில் டைப்ரைட்டிங் படித்து, தோட்டத்து ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது பெரிய கிளாக்கர் லியனார்ட் அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் இந்தப் பயந்தாங்கொள்ளியின் தலையில்தான் அது விழுந்தது. அதற்கு எது நடந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அது 1989ஆம் வருடம். பயப்படக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நாடெங்கும் கிளர்ச்சி, கடையடைப்பு, ஊரடங்கு, ரோட்டோரத்தில் பிணங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஃபாக்டரி மோட்டார் எரிந்தபோது நாசவேலை என்று சொல்லி ஆமிக்காரர்கள் ஒரு கிளாக்கரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மோட்டார் தானாகவே எரிந்தது என்று ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்தச் சமயம் பார்த்துத்தான் துரைக்கு ஆசை வந்தது. கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்கிறது, புதிது வாங்கக் கொழும்பிலிருக்கும் மேலிடம் சம்மதிக்காது. கண்டியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்காக இருந்த கஸ்பர் ஒரு வழி சொன்னார். மிஷினுக்கு மூளையாக இருக்கும் சிப்பைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பெனி செய்த சிப்பை அதே குழியில் போட்டால் பழைய மிஷினே வேகமாக ஓடுமாம். பஸ் ஓடாததால் அவரால் வர முடியவில்லை. சிப்பை மட்டும் லொறியில் அனுப்பிவிட்டு, எப்படிப் போடுவதென்று போனில் சொல்வதாக ஏற்பாடு.

போன் வந்த நேரம் பவுலின் ஃபாக்டரிக்குப் போயிருந்தாள். எடுத்தவர் ஆபீஸ் காவல்காரர் மாயாண்டி.

"கஸ்பரு பேசுனாருங்க, பவுலினம்மா. லைன்ல ஒரே இரைச்சல். பெரட்டிப் போடச் சொன்னாரு."

"பெரட்டியா? நல்லா கேட்டீங்களா மாமா?"

"ரெண்டு தரம் சொன்னாருங்க. பெரட்டித்தான்."

சிப்பின் ஒரு முனையில் சின்ன வெட்டு இருந்தது. பழைய சிப்பின் வெட்டு சுவரைப் பார்த்திருந்தது. வேறு கம்பெனி சாமான், வேறு மாதிரித்தான் இருக்கும் என்று பவுலின் நினைத்தாள். மறுநாள் விடிந்ததும் ஆபீசுக்கு வந்து, மாதாவை வேண்டிக்கொண்டு பழையதை நெம்பி எடுத்தாள். புதியதை வெட்டு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்து அழுத்தி, சுவிட்சைப் போட்டாள்.

திரை கறுப்பாகவே கிடந்தது. சிப்பில் விரலை வைத்தாள், சுட்டது. கருகல் வாடை மூக்கில் ஏறியதும் சுவிட்சை அணைத்தாள். வெளியே ஏதோ வண்டிச் சத்தம். ஜீப்தான் என்று நினைத்தவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். ரோட்டில் போன லொறி அது.

கண்டிக்குப் போன் செய்தாள்.

"நீங்கதானே சிப்ப பெரட்டிப் போடச் சொன்னீங்க?"

"ஐயோ! பெரட்டுக்கப்புறம் போன் போடச் சொன்னேன்!"

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கஸ்பரும் லயத்தில் பிறந்தவர், நேரத்தை அப்படித்தான் சொல்வார். போன் இரைச்சலில் அந்தப் பெரட்டு, புரட்டுவதாகிவிட்டது. மாயாண்டியைச் சொல்லிக் குற்றமில்லை.

"பழையத இருந்த மாதிரியே வச்சுப் பாருங்க" என்றார் கஸ்பர். வைத்தாள். மிஷின் உயிர் பிழைத்தது. புதிய சிப் செத்தது செத்ததுதான். எப்படிச் சொல்வது என்று அவள் விழித்துக்கொண்டிருந்தபோதே துரை உள்ளே வந்து, புது சிப் போட்டாயிற்று என்று நினைத்துக் கீபோர்டில் நாலு கட்டையைத் தட்டினார்.

"ஆ! என்ன வேகம்!"

பவுலின் செத்த சிப்பை மேசை டிராயருக்குள் தள்ளினாள்.

அடுத்த வாரம் துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மஸ்கெலியாவில் அவருடைய சிநேகிதர் தோட்டத்துக்கும் சிப் வந்திருக்கிறதாம், பவுலின்தான் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே போனாள். சரியாகப் போட்டால் அந்த மிஷின் பறக்கும், அவள் குட்டு வெளிப்படும். பிழையாகப் போட்டால் அதுவும் எரியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"துரை, நம்ம மிஷின்ல பழைய சிப்புதாங்க இருக்கு. புதுசு எரிஞ்சு போச்சுங்க. நான் வேணும்னு செய்யலைங்க."

துரை ஜீப்பை ஓரங்கட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வசவு விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று அவர் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மடங்கு வேகம் எண்டு கொழும்புக்குச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "அங்க போய் மூடியக் கழட்டு. திரும்ப மூடு. பழையதே இருக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்" என்றார்.

ஜீப் மறுபடி கிளம்பியது. முன்பு செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணலாம். இனிச் செய்யப்போவதை எப்படிச் சொல்வாள்? கண்டுபிடித்தால் துரையைக் கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவளை எங்கே கொண்டுபோவார்கள்?

மஸ்கெலியா ஆபீஸ் வாசலில் நாலைந்து பேர் சிரித்த முகத்தோடு நின்றார்கள். ஜீப் நின்ற பிறகும் பவுலினால் இறங்க முடியவில்லை.