பாறையில் நின்று பேசிய செவ்வாய்க்கிழமைகள்

என் எழுத்தில் ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே சரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். போன வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுதக் கற்றேன். கரும்பலகையைப் பார்க்காமல் மனதிலிருந்து எழுதுவது இதுவே முதல் தடவை. துக்கத்துக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கையால் எழுத முடிகிறதே என்ற சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. நிர்மலா அம்மாவோடு வேலை செய்த நீங்கள் தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் மேட்டுப்பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவோடு பேச, பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு தன் போனோடு என்னை அங்கே கூட்டிப்போவாள். துக்கம் வந்த அன்றும் அம்மாவின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. போன் படத்தில் அம்மாவுக்குப் பதில் வேறு ஒரு பெண். "மேடம் தவறிட்டாங்கய்யா" என்றார். நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "கேக்குதாங்கய்யா, கேக்குதாங்கய்யா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சின்னப்பொண்ணுதான், "கேட்டுச்சுங்கம்மா" என்றாள்.

மலைக்காரர்கள் நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறோம் என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. உடம்பு முடியாததால் மலையேற முடியாது, போனிலேயே பேசிப் பதிவு செய்துகொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் அவர்களை நேரில் பார்த்ததே இல்லை.

"தனியா இருக்கீங்களாய்யா?" என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள்.

"தனியாத்தாம்மா கீறேன்" என்றேன்.

"பின்னாடி யாரோ தும்முறாங்களே."

"அது என் மச்சாங்க."

"இன்னொருத்தர் சிரிக்கிறாரு."

"அது பங்காளிங்க. வேத்தாளு யாரும் இல்ல."

அன்று எனக்குப் பின்னால், போன் படத்தில் விழாமல், பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. சொந்தக்காரர் மட்டும் இருந்தால் எங்களுக்கு அது தனியாக இருப்பதுதான். அம்மா கோபப்படவில்லை. "உங்க கதைய நீங்க மட்டும் சொல்லணும்யா. அவங்க இருந்தா அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி சொல்லுவீங்க" என்றார்கள். மச்சான் எழுந்து, "வாங்கடா, மாமன் இன்னிக்கு ஆபீசரு" என்று எல்லோரையும் கீழே கூட்டிப்போனான்.

இன்னொரு நாள் நான் கோபித்துக்கொண்டேன். ஆராய்ச்சியில் பெயர் வராது, எண்தான் வரும் என்றார்கள். "இப்பத்தாம்மா பேர் எழுதக் கத்துக்கினேன், அதுக்குள்ள புடுங்கிக்கிறீங்களே" என்றேன். "உங்க பேரு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவனாவது வந்து உங்கள மெரட்டுவான். அந்த வம்பு என்னோட போவட்டும்" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் என் மருமகளைப் பற்றிச் சொன்னேன். பிரசவ வலி வந்ததும் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காகக் கீழே கச்சிராயபாளையம் பக்கம் இறங்கினோம். பாதி வழியில் ஓடை பெருகி நின்றது. அங்கேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். "பதிவை நிறுத்திட்டேன். சொன்னவரைக்கும் வெச்சுக்கலாமா, அழிச்சிடலாமா?" என்று கேட்டார்கள். "இருக்கட்டும்மா. யாராச்சும் கேக்கணும்" என்றேன். "கேக்க வேண்டியவங்க காதுல போட்டுட்டுத்தான் விடுவேன்" என்றார்கள்.

அம்மா தவறியதைச் சொன்ன பெண்ணிடம் மறுவாரம் அந்தப் பதிவைக் கேட்டேன். என் எண் என்ன என்றார். தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன். யார் எந்த எண் என்ற பட்டியல் அம்மாவின் கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடக்கிறதாம். திறக்கும் சொல்லை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. யாருடைய பேச்சு என்று தெரியாமல் எதையும் வெளியிடக் கூடாதாம்; மேலிடத்தில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். "மன்னிச்சிடுங்கய்யா" என்றார் அந்தப் பெண். அவர் மேல் தப்பில்லை. அம்மா மேலும் தப்பில்லை. எங்களைக் காக்கத்தான் பூட்டினார்கள்.

ஓடைக்கு இன்னும் பாலம் இல்லை. என் காலத்தில் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாரிடமும் துக்கத்தைக் கேட்கும் முன், "சொல்ல இஷ்டமா?" என்று கேட்கிறேன். என்னையும் கேட்டுக்கொண்டேன். இஷ்டம்தான். ஆகவே போனில் சொன்னதை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. எழுதியதில் இதுவரை, மருமகளைக் கம்பில் கட்டிய துணியில் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம். விரல் வலிக்கிறது. அடுத்த வாரம் அவளை ஓடைவரை கொண்டுவருவேன்.