மாத்திரை கொடுக்கிற கை

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் பிரச்னையா, புருஷன் பிரச்னையா என்று நான் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் இல்லை. நாய்ப் பிரச்னை.

“ரெண்டு நாய் வெச்சிருக்கோம்மா. மழை வந்தா போதும், மாத்தி மாத்தி இருமுதுங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன், நான்தான் மருந்து குடுக்கறேன். ஆனா என்னைப் பாத்தா ரெண்டும் கட்டிலுக்கடியில போயிடுதுங்க.”

“பிஸ்கட் குடுக்கறது யாரு?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “அவருதான்...”

சொல்லும்போது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே — அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பல வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம். பொறாமை பிடித்த முகம்.

இப்போது இருக்கிற இந்த வேங்கிக்காலுக்கு வருவதற்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், நாங்கள் திருவண்ணாமலையில் செங்கம் ரோடு பக்கம் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் ஒரு விறகு அறை. என் கணவருக்கு பேங்க் வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த விஷயத்தை இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன்.

நாய்கள் இருந்தன. நான்கு.

முதல் மூன்றும் அவர் கொண்டு வந்தவை. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போவார். திரும்பும்போது ஏதாவது ஒன்று பின்னாலேயே வந்திருக்கும். சிலருக்கு மலை சுற்றினால் புண்ணியம் கிடைக்கும், எங்களுக்கு நாய் கிடைத்தது. சீசர், ஜிம்மி, ராணி.

நான்காவது என்னுடையது. ஒரு மழை நாளில் அவரோடு நானும் மலை சுற்றப் போயிருந்தேன். அடி அண்ணாமலையில் டீக்கடை வாசலில், பெஞ்சுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்து எடுத்து வந்தவள் நான். பொட்டு என்று பெயர் வைத்தவளும் நான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று போகப் போகப் புரியும்.

பொட்டு வந்து சில நாளிலேயே இருமியது. சாதாரண இருமல் இல்லை. தொண்டையில் எலும்பு சிக்கிய மாதிரி கழுத்தை நீட்டி, உடம்பைக் குறுக்கி, கடைசியில் வெள்ளையாக நுரையைக் கக்கும். எலும்புதான் என்று என் கணவர் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினார். அதற்குள் ராணி இருமியது. அப்புறம் ஜிம்மி. கடைசியில் கிழவன் சீசரும் சேர்ந்துகொண்டான். நாலு தொண்டையிலும் எப்படி எலும்பு சிக்கும்?

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் பசு, எருமை, ஆடு என்று பார்த்துப் பழகியவர். நாலு நாயைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“எலும்பெல்லாம் இல்லம்மா. இது ஒட்டுவாரொட்டி. ஒண்ணுக்கு வந்தா வீட்ல இருக்கற எல்லாத்துக்கும் வரும். ஒருதரம் வந்தா மறுபடியும் வரும். நீங்கதான் பாத்துக்கணும்.”

என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இருமுவதை உடனே தனியாக வைக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டி தனித்தனி. கழுத்தில் சங்கிலி கூடாது, நெஞ்சைச் சுற்றித் துணிப்பட்டை கட்டலாம். ஈரச் சாக்கில் படுக்கக் கூடாது. சாம்பிராணி, விறகுப் புகை கிட்டேயே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே — இருமல் நின்ற மாதிரி தெரிந்தாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செய்தது யார்? கேட்க வேண்டுமா?

விறகு அறையைக் காலி செய்து வார்டு ஆக்கினேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தினேன். சட்டிகளைத் தினமும் வெந்நீரில் கழுவினேன். சளி கட்டிய நாயைக் குளியலறையில் அடைத்து, கொதிக்கிற தண்ணீர் அண்டாவைத் திறந்து வைத்து, நானும் கூடவே உட்கார்ந்து ஆவி பிடித்தேன். ஐப்பசி மழைக்கு ஒரு சுற்று இருமல். தீபத்துக்கு ஊரே கூட்டமும் புகையுமாக இருக்கும்போது இன்னொரு சுற்று. மார்கழிப் பனிக்கு இன்னொன்று.

பக்கத்து வீட்டில் பர்வீன் அக்கா. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பழைய குடும்பம். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

“இன்னிக்கு யாரு கச்சேரி சரோஜா? சத்தம் ஜாஸ்தியா இருக்குது.”

மாத்திரை கொடுப்பது தனிக் கலை. நாயை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். மேல் தாடையைத் தூக்கி, மாத்திரையை நாக்குக்குப் பின்னால் வரை தள்ளி, வாயை மூடிப் பிடித்து, தொண்டையைத் தடவிக் கொடுக்க வேண்டும். முழுங்கும் வரை விடக் கூடாது. அந்த நேரத்தில் அது நம்மை ஒரு பார்வை பார்க்கும். அதையும் தாங்க வேண்டும்.

விளைவு? மாத்திரை டப்பா குலுங்கினாலே நான்கும் மாயம். அப்புறம் டப்பா வேண்டாம், என் வளையல் சத்தமே போதும் என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் தெருமுனையில் அவருடைய சைக்கிள் சத்தம் கேட்கும். கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்த நான்கும் வாலை ஆட்டிக்கொண்டு பறக்கும். அவர் சட்டைப் பையில் பிஸ்கட். உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு நான்கு நாக்கு, நான்கு வால், எட்டுக் கண்ணில் பக்தி.

அவர் பேப்பர் படிக்கும்போது பொட்டு அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கும். என் முந்தானையில் வந்த பொட்டு. எனக்கும் பாதம் இருக்கிறது, நான் என்ன குளம்பா வைத்திருக்கிறேன்?

வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒருநாள் அவராகவே சொன்னார்:

“நாய்க்கு மனசு தெரியும் சரோஜா.”

எரியுமா, எரியாதா?

நானும் பிஸ்கட் வாங்கிப் பார்த்தேன். பொட்டு தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி மோந்தது. உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை. போய்விட்டது. தப்பு அதன்மேல் இல்லை... அதற்கு முந்தின வாரம்தான் வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் மறுபடியும் நாலும் இருமத் தொடங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எல்லாத்துக்கும் நான். கொஞ்சறதுக்கு மட்டும் நீங்களா?” என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். “இதென்னா பெரிய வேலை? இந்த வாட்டி மாத்திரைய நான் குடுக்கறேன். நீ பிஸ்கட் குடு. சரிதானா?”

சரி என்றேன். எத்தனை வேகமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

காலையும் மாலையும் டப்பாவை எடுத்துக்கொண்டு விறகு அறைக்குப் போவார். கதவைச் சாத்திக்கொள்வார். சிரித்த முகத்தோடு வெளியே வருவார். “முழுங்கிடுச்சுங்க எல்லாம்.” ஒரு உறுமல் இல்லை, ஒரு கீறல் இல்லை. இந்த மனுஷனிடம் என்ன மந்திரம் இருக்கிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் பிஸ்கட்டோடு உட்கார்ந்தேன். முதலில் வந்தது ஜிம்மி. பிறகு ராணி. சீசர் கொஞ்சம் பிகு செய்துவிட்டு வந்தான். பொட்டு மட்டும் வரவில்லை. தூரத்தில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ சூடாகப் பட்டது. பொட்டுவின் தலை.

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கால் மரத்துப்போனது. அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பர்வீன் அக்கா, “சரோஜா, என்னாமோ கருகுது பாரு” என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. கருகட்டும். பருப்பு நாளைக்கும் வேகும், இந்தத் தலை நாளைக்கு வருமா?

வந்தது. அடுத்த நாளும் வந்தது. சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டபோது பொட்டு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு என் மடியிலேயே இருந்துவிட்டது. வாசலில் அவர் முகம் சின்னதானது. உண்மையைச் சொல்கிறேன் — அன்றைக்கு நான் ரசத்தில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டேன்.

ஆனால் இருமல் கம்மி ஆகவில்லை. மழை விட்டும் விடவில்லை. ஒரு காலையில் பொட்டு சாப்பாட்டைத் தொடவில்லை. மடியில் படுத்திருந்தது, ஆனால் அது அன்பால் இல்லை, எழுந்திருக்க முடியாததால் என்று அப்போதுதான் உறைத்தது. விலா இரண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கின. மூக்கு காய்ந்து சுட்டது.

விறகு அறையில் அதற்கு வெதுவெதுப்பாக இடம் செய்யலாம் என்று பழைய டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன். பெட்டிக்குப் பின்னால் மாத்திரைகள். நக்கித் துப்பியவை, பாலில் ஊறி உப்பியவை, பன் துண்டோடு ஒட்டிக் காய்ந்தவை. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கை நிறைய.

அவர் அப்போது ஷர்ட் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன்.

போட்ட பொத்தானைக் கழற்றினார். அப்புறம் சொன்னார்:

“பன்னுல வெச்சி குடுத்தேன். தின்னுச்சுன்னுதான் நெனச்சேன்.”

“துப்பறது தெரியலையா?”

“தெரிஞ்சுது... வாயப் புடிச்சித் தொறந்தா அது என்னைப் பாக்குது சரோஜா. உன்னைப் பாக்கற மாதிரி. எனக்குக் கை ஓடல. என்கிட்ட வராம போயிடுமோன்னு இருந்துச்சு.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவர் பயந்தது எதற்கோ, அதைத்தானே நான் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்தேன்?

பேங்குக்கு லீவு சொல்லிவிட்டு ஜட்கா வண்டி பிடித்து வந்தார். மழை சாய்வாக அடித்தது. பொட்டுவைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். என் கையை விடவே இல்லை. தாடையை என் மணிக்கட்டின் மேல் வைத்து, கண்ணை மூடி, மூச்சுக்கு மூச்சு போராடிக்கொண்டு வந்தது.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

“சளி நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. மாத்திரை சரியா உள்ள போகலையா?”

“நான்தான் டாக்டர் குடுத்தேன். சரியா குடுக்கல” என்றார் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஊசி போட்டார். மறுநாளும் வரச் சொன்னார். “ஊசி பாதி வேலைதான் செய்யும். மாத்திரை ஒருவேளை தப்பினாலும் நான் உத்தரவாதம் இல்ல. இனிமே யாரு குடுப்பீங்க?”

சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மடியில் இருந்த தலையைப் பார்த்தேன். இவ்வளவு நாள் காத்துக் கிடைத்த தலை.

“நான்தான் டாக்டர்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அதே மடியில் வைத்தே வாயைத் திறந்தேன். பொட்டு கண்ணைத் திறந்து பார்த்தது. நீயா... என்றது அந்தப் பார்வை. நாக்குக்குப் பின்னால் தள்ளி, வாயை மூடி, தொண்டையைத் தடவினேன். முழுங்கியது. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. என் கணவர் நிலைப்படியில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்றையும் அவரே ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து என் முழங்காலுக்கு நடுவில் கொடுத்தார். அந்த அளவுக்காவது துரோகத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்.

நாட்கள் நகர்ந்தன. ஊசி, மாத்திரை, ஆவி, கஞ்சி. பொட்டு படுத்தே கிடந்தது. நான் உள்ளே போனால் கண் மட்டும் அசையும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறப்பேன்.

ஒரு காலையில் வழக்கம்போல் டப்பாவோடு விறகு அறைக் கதவைத் தள்ளினேன். பொட்டு தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது. தள்ளாடி எழுந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் என் காலுக்கிடையில் நுழைந்து, சமையல்கட்டைத் தாண்டி, கூடத்தில் நழுவி விழுந்து எழுந்து, ஒரே ஓட்டமாக ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. இருமவே இல்லை.

“ஏங்க, ஓடுதுங்க” என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அவர் பாதி ஷேவிங்கில் வந்து எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கடியிலிருந்து என்னைப் பார்த்து ஒரு மெல்லிய உறுமல் வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

அதன்பிறகு புதிதாக எந்த நாய் வந்தாலும் முதலில் விறகு அறையில்தான் வாசம். மாத்திரையை ஒருபோதும் பாதியில் நிறுத்தவில்லை. இருமல் அடியோடு போகவில்லை, ஆனால் வருவது அபூர்வமாகிவிட்டது, வந்தாலும் ஒரு நாயோடு நின்றுவிடும். பொட்டு நிறைய வருஷம் இருந்தது. அத்தனை வருஷமும் சாயங்காலம் அவர் பாதத்தின் மேல்தான் தூங்கியது. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. பேப்பருக்கு மேலாக அவர் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கும்போதெல்லாம் சுருக்கென்று ஒன்று குத்தும்.

புதிதாக வந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆறுதலாகத்தான் இல்லை போலிருக்கிறது. “அப்போ என்னைக் கண்டா ஓடினேதான் இருக்குமாம்மா?” என்று கேட்டாள்.

ஓடட்டும் அம்மா. ஓடுவதற்கு மூச்சு வேண்டுமே!