விருந்தாளிக்கு முதல் பந்தி

இந்தப் பெருநகரில் தனியாகக் கிடக்கிற கிழவன் கிழவிகளுக்கு நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து மத்தியானச் சோறு ஆக்கிப் போடுகிறோம். சமையல், பந்தி எல்லாம் வேப்பமரத்தடியில்தான். மழை பிடித்தால் அடுப்பு அணைந்துவிடும். அன்றைக்கு அவர்கள் பட்டினி. ஒரு கொட்டகை போட்டுவிட வேண்டுமென்று எனக்குத் தீராத ஆசை.

அடுத்த தெருவில் ஒருத்தி பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கிறாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், பன்னிரண்டாவது படித்தவள். நான் அஞ்சாவதோடு சரி. யார் வந்தாலும் அவள் கணீரென்று பேசுவாள். நான் நாலு பேரைக் கண்டால் உள்ளே போய்விடுவேன். அவள் குரல் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு காலேஜிலிருந்து பிள்ளைகள் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் பாடத்தில் அதுவும் ஒரு வேலையாம். ஊரில் நல்லது செய்கிறவர்களை நேரில் பார்த்து, மார்க் போட்டு, யாருக்கு உதவி தருவதென்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். பணம் கொடுப்பது வேறு யாரோ பெரிய மனிதர். எங்கள் பேட்டையில் உதவி கேட்டிருந்தது இரண்டு பேர். அவளும் நாங்களும்.

முந்தின நாள் எங்களில் ஒருத்தி சொன்னாள்: "யக்கா, அவங்க வர்றப்ப பெருசுங்கல்லாம் குந்திக்கினு கீறது நல்லாவா இருக்கும்? அதுங்க அப்பால வந்து துன்னட்டும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. விருந்தாளி வந்தால் அவர்களுக்குத்தானே முதல் பந்தி? வடை சுட்டோம், பாயசம் வைத்தோம். கிழவர்களை வெயில் தாழ வரச் சொல்லிவிட்டோம்.

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆயா, தெனமும் சாப்பிட வர்றவங்க எங்க?"

"அப்பால வருவாங்கம்மா. நீ துன்னு. இன்னொரு வடை வைக்கவா?"

வடையை இலையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டேன். சாயங்காலம் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவள் ஒரு வாய் டீகூடக் கொடுக்கவில்லையாம். கத்திப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவிலேயே உட்காரச் சொன்னாளாம்.

உதவி அவளுக்குத்தான் போனது. கண்ணாடிப் பெண்ணே வந்து சொன்னாள். "சாப்பாடு சூப்பர் ஆயா. ஆனா சாப்பிடுறவங்கள நாங்க பாக்கவே இல்லியே. எப்படி மார்க் போடுறது?" அவள் முகம் வாடியிருந்தது. "பரவால்லம்மா" என்றேன். பரவாயில்லாமல் இல்லை.

வகுப்பு எடுக்கிறவள் அந்தப் பணத்தில் வகுப்பு நடக்கிற இடத்துக்கு ஷீட் கூரை போட்டாள், ஃபேன் மாட்டினாள். பிறகு என்னைத் தேடி வந்தாள்.

"மழ வந்தா அங்க வந்து ஆக்குங்கக்கா. பகல்ல சும்மாதான கீது."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏளனமாக ஏதாவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பேன்.

போன ஐப்பசி மழையில் வேறு வழியில்லாமல் அங்கே போய் ஆக்கினோம். ஒரு கிழவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"மவராசி, உன் புண்ணியத்துல இன்னிக்கு சோறு சூடா கீது."

"அக்காதான் ஆக்குச்சு, நைனா."

"அது தெனமும் ஆக்குறதுதான!"

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, நான் அடுத்த வரிசைக்குச் சோறு போடப் போய்விட்டேன்.