கறிக்குலுக்கலில் மெர்ல் வாங்கிய ஓட்டுகள்

மெர்ல் ஸ்டூபர் தன் கறிக்கடைக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஓடிப் பழகுகிறார் என்று எங்கள் விஸ்கான்சின் ஊரில் ஒரு பேச்சு. கையில் பந்துக்குப் பதில் பன்றித்தொடை என்று அதற்கு ஒரு வால் வேறு. வாலை நான் நம்பவில்லை. தலையை மட்டும் விசாரிக்கப் போனேன்.

"ஓடுறீங்களாமே?"

"எவன் சொன்னான்? குப்பை கொட்டப் போனேன்."

"அரைக்கால் சட்டையிலயா?"

"குப்பைக்குக் கோட்டு சூட்டா போடுவாங்க?"

மெர்லுக்கு நாற்பது நெருங்குகிறது. ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பதினோரு வருடமாக ரிசீவர். எறிகிற பந்தை, எதிராளிகளுக்கு நடுவே ஓடிப்போய்க் கையில் பிடிக்கிற வேலை. சம்பளம் கிடையாது. யாருக்குமே கிடையாது, தலைக்கவசம்கூட அவரவர் காசுதான். அந்த அணி இப்போது பக்கத்து ஊர் ட்ரே மக்கேபுக்கு ஆட்டத்துக்கு முந்நூறு டாலர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறது. ட்ரே டயர் கடைப் பையன். பெரிய லீக் அணி ஒன்று பயிற்சிக்குக் கூப்பிட்டு, இரண்டே வாரத்தில் திருப்பி அனுப்பியது. அந்த இரண்டு வாரம்தான் மெர்லின் தொண்டையில் முள்.

"அவன் கிளவுஸைப் பாத்தீங்களா? ஆரஞ்சு கலரு. அதைப் போட்டா எங்க அத்தைகூடப் பந்து பிடிப்பா."

"நீங்களும் ஒண்ணு வாங்கலாமே?"

"வாங்கிட்டேன்." எலும்பில் கத்தி ஓங்கி இறங்கியது. "பந்து ஒட்டல. அவன் ஓடுறதைப் பாத்துட்டு என் பொண்டாட்டி ஜோலீன் என்கிட்டயே சொல்றா, 'என்னமா ஓடுது பாருங்க புள்ள'ன்னு. பதினோரு வருஷத்துல என்னை ஒரு நாள் சொல்லியிருப்பாளா?"

வெள்ளிக்கிழமை ஆர்லீனின் மதுக்கடையில் கறிக்குலுக்கல். எண் போட்ட மட்டை ஒன்று ஒரு டாலர். சக்கரம் சுற்றி எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த மட்டைக்காரருக்குக் கறிப்பொட்டலம். வசூல் அணிக்கு. காசு கொடுத்தவன்தான் முடிவும் சொல்லவேண்டும் என்பதால், ட்ரேக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு அன்று ஒரு மட்டைக்கு ஒரு ஓட்டு. கறி மட்டும் வழக்கம்போல மெர்லின் நன்கொடை.

பந்தை எறிகிறவன் டேல், ஜோலீனின் தம்பி. அவன்தான் ஆரம்பித்தான். "மச்சான், நீங்க பிடிக்கலைன்னு யாரும் சொல்லல. பிடிச்ச இடத்துலயே உக்காந்துடுறீங்க. அவன் பிடிச்சப்புறம்தான் ஓடவே ஆரம்பிக்கிறான்."

முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கிற ஓட்டோ, கதவளவு ஆள், மேசையைத் தட்டினான். "அவன் ஓடணும்னா நாங்க அடி வாங்கணும். ஓடுறதுக்கு முந்நூறு, அடி வாங்குறதுக்குப் பட்டை நாமமா?"

தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேரும் கைதட்டினார்கள். "மொதல்ல அணிப் பெட்டியில காசு எங்க?" என்று ஆர்லீனும் உதட்டைப் பிதுக்கினாள். மெர்ல் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் ட்ரே வந்து நின்றான். ஜோலீன் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.

மெர்ல் எழுந்துபோய் ஒரு கத்தை மட்டை வாங்கினார். ட்ரே சிரித்தான், இன்னொரு கத்தை. கடைசியில் சுவரில் தொங்கிய மட்டைகளில் பாதிக்குமேல் அவர் மடியில்.

பிறகு சக்கரம் சுற்றியது. பேக்கன் மெர்லுக்கு. விலாக்கறி மெர்லுக்கு. பன்றித்தொடை, அதுவும் மெர்லுக்கு. காலையில் தானே வெட்டி, தானே பொட்டலம் கட்டிக் கொடுத்ததை எல்லாம் தானே ஜெயித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டுக்குச் சிரித்த கூட்டம் மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை.

"பேக்கனுக்காகத்தான்யா வந்தேன்," என்றான் ஓட்டோ. அவன் குரல் அவ்வளவு மெலிந்து யாரும் கேட்டதில்லை.

ஆர்லீன் பெட்டியைக் குலுக்கினாள். கனமாக இருந்தது. "காசு இல்லன்னு இனி யாரும் பேசாதீங்க. மெர்லே கட்டிட்டாரு."

ஓட்டெடுப்பில் மெர்லின் மட்டைகளைத் தவிர மற்றவையெல்லாம் ட்ரேக்கு உயர்ந்தன. முன்வரிசை ஐந்தும் சேர்த்து. அப்போதும் மெர்லே ஜெயித்திருக்க வேண்டும். கையில் அத்தனை மட்டை. ஆனால் வென்ற மட்டையைத் திருப்பிக் கொடுத்துத்தானே பொட்டலம் வாங்கவேண்டும்? கறியாக மாறிப்போன ஓட்டுகளால்தான் அவர் தோற்றார். நானும் ஒரு மட்டை வைத்திருந்தேன். எதற்குத் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். நான் மெர்ல் கடையில்தான் கறி வாங்குகிறேன்.

வெளியே, வண்டியில் பொட்டலங்களை ஏற்ற டேல் கைகொடுத்தான்.

"மாப்ள," என்றார் மெர்ல், அவன் முகத்தைப் பார்க்காமல். "பயிற்சியில அவனுக்கு நெஞ்சுக்கு நேரா எறியுற. எனக்கு வந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழ. குனிஞ்சு பிடிச்சா உக்காராம என்ன செய்றது?"

டேல் கடைசிப் பொட்டலத்தையும் ஏற்றினான். "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நெஞ்சுக்கு நேரா ஒண்ணு உண்டு மச்சான். சத்தியமா."

மூன்று ஞாயிறு போயிற்று. ட்ரே பிடிக்கிறான், ஓடுகிறான், ஜோலீன் கத்துகிறாள். மெர்ல் ஓரத்து பெஞ்சில் ஆரஞ்சு கிளவுஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். டேல் அவருக்கு அந்த ஒரு பந்தை இன்னும் எறியவில்லை.